ஆமா திரிந்த நாடு

திண்டிவனம் என்னும் பெயருக்குள்ளேயே ஒரு வனம் இருக்கிறது. புளிய மரங்கள் அடர்ந்த காடு என்ற பொருளில் திந்திரிணி வனம் என்று வழங்கிய பெயரே நாளடைவில் திண்டிவனம் ஆயிற்று என்பர். இன்று அங்கே வனத்தைத் தேடிச் செல்பவர் காண்பது பேருந்துகளின் நெரிசலையும், நெடுஞ்சாலைகளையும், ஊரைச் சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களையுமே. பெயர் நிலைத்துவிட்டது; பெயருக்குக் காரணமானது போய்விட்டது.

அங்கிருந்து மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், அதற்கும் அப்பால் செங்கத்துக்கும் சாலை செல்கிறது. மொத்தம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவு. வழியெங்கும் பாறைகளை அடுக்கி வைத்தாற் போன்ற குன்றுகள். அவற்றின் இடுக்குகளில் முட்புதர்களும், மேய்ந்து திரியும் ஆடுகளும் தென்படும். இந்த நிலப்பரப்பில் ஒரு காலத்தில் பெரிய காட்டு விலங்குகள் மந்தை மந்தையாகத் திரிந்தன என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் அதற்கான சான்று நமது பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மா என்னும் செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் கொண்ட இந்நூல், பருவதமலை எனப்படும் நவிரமலையையும் சேயாற்றையும் அவற்றைச் சூழ்ந்த காடுகளையும் கண்முன் நிறுத்துகிறது. நன்னனின் அரண்மனை வாயிலில் மலைவாழ் மக்கள் கொண்டுவந்து வைத்த காணிக்கைப் பொருள்களைப் புலவர் வரிசைப்படுத்துகிறார். யானைக் கன்றும் கரடிக் குட்டியும் வரையாடும் இருக்கும் அந்த வரிசையில் ஆமானின் கன்றும் இடம் பெறுகிறது.

ஆமா அல்லது ஆமான் என்பது காட்டுப் பசு. இன்று செய்தித்தாள்களில் நாம் காட்டெருமை என்று படிக்கிறோமே, அந்த விலங்கையே இச்சொல் குறிக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. வெள்ளையர் அதற்கு ‘பைசன்’ என்று பெயரிட்டனர். இரண்டு பெயருமே பொருந்துவன அல்ல. அது எருமையும் அன்று. அமெரிக்கச் சமவெளியின் பைசனும் அன்று. நம் வீட்டு மாட்டுக்கு நெருங்கிய உறவு. முதிர்ந்த காளை ஆறடி உயரமும் ஆயிரம் கிலோ வரை எடையும் கொண்டது. கரிய உடலில் முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை அணிந்தாற் போன்ற நிறம். ஆமா என்று அழைத்த முன்னோர், அதன் இனத்தைப் பிற்காலத்தவரை விடச் சரியாகவே அறிந்திருந்தனர்.

வேட்டை புதிதன்று

பழங்குடியினரும் சிற்றரசர்களும் வேட்டையாடியே வந்தனர். வலையும் படுகுழியும் அம்பும் அன்றும் இருந்தன. ஆயினும் அக்கருவிகளுக்கு ஓர் எல்லை இருந்தது. ஆயிரம் கிலோ எடையுள்ள காளையை அம்பால் வீழ்த்துவது எளிதன்று. பசுவின் உறவு எனக் கருதி அதைக் கொல்லத் தயங்கியோரும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர வந்தன. ஒன்று, விரைந்து சுடக்கூடிய வலிமை மிக்க துப்பாக்கி. மற்றொன்று, மலைகளில் தோட்டங்கள். சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார். நீலகிரியிலும் ஆனைமலையிலும் பழனி மலையிலும் அதே கதை தொடர்ந்தது. காடு திருத்தப்பட்டது, பாதை வந்தது, பாதை வழியே துப்பாக்கியும் வந்தது. 1892-இல் நூலாக வெளிவந்த படைத்துறை அதிகாரி டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டைக் குறிப்புகளைப் புரட்டினால், இம்மலைகளில் காட்டு மாடுகளைத் தேடிச் சுடுவது எத்துணை இயல்பான பொழுதுபோக்காக இருந்தது என்பது விளங்கும்.

விலங்குகள் குறைவதை முதலில் உணர்ந்தவர்களும் வேட்டைக்காரர்களே. நீலகிரியில் 1877-இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1879-இல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. சுடக்கூடாத பருவம் வகுக்கப்பட்டது, உரிமம் தேவைப்பட்டது. விலங்கின்பால் கொண்ட இரக்கத்தைக் காட்டிலும், நாளை சுடுவதற்கு விலங்கு வேண்டுமே என்ற கவலையே அதில் மேலோங்கி இருந்தது. உரிமம் பெற்ற துரை விளையாட்டு வீரர் எனப்பட்டார். உணவுக்காக வேட்டையாடிய மலைவாசி குற்றவாளியானார். ஆயினும் அச்சட்டத்தால் மந்தைகள் சில பிழைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

விடுதலைக்குப் பின்னரும் துப்பாக்கி ஓயவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகள் காட்டுக்குள்ளும் நுழைந்தன. ஜீப்பும், இரவில் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கும் வேட்டையை மேலும் எளிதாக்கின. துரைமார் செய்ததை நாமும் செய்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எஞ்சியவற்றின் நிலை

வேட்டையின் சேதத்தைக் கொல்லப்பட்ட தலைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கிறோம். எஞ்சி நின்றவற்றுக்கு நேர்ந்ததை எவரும் கணக்கிடுவதில்லை.

காட்டு மாட்டு மந்தையை நடத்திச் செல்வது பெரும்பாலும் முதிர்ந்த பசு. எந்த ஓடையில் கோடையிலும் நீர் நிற்கும், எந்தச் சரிவில் முதல் மழைக்குப் புல் துளிர்க்கும் என்பதெல்லாம் அதன் அனுபவத்தில் இருக்கிறது. அது வீழ்ந்தால் மந்தை வழிகாட்டியை இழக்கிறது. பசு ஒன்பது மாதம் சுமந்து ஈனுவது ஒரே கன்று. ஆகவே இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் தேவை. வேட்டைக்காரர் விரும்பியதோ பெரிய கொம்புடைய காளைகளை. மந்தையின் வலிமை மிக்க தந்தையரே இவ்வாறு சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள்களாயினர்.

இதனினும் நுட்பமான விளைவு ஒன்று உண்டு. இயல்பில் பகலிலும் மேயக்கூடிய இவ்விலங்கு, மனிதரின் தொல்லை மிகுந்த இடங்களில் இரவில் மட்டுமே மேயத் தலைப்படுகிறது. அச்சம் அதன் பகலைப் பறித்துக்கொள்கிறது. நல்ல புல்வெளியை விட்டு அடர்ந்த புதருக்குள் ஒதுங்குகிறது. மந்தைகள் சிறுத்துத் தனித்தனிக் காடுகளில் சிதறுகின்றன.

அவ்வாறு சிதறிய மந்தைகளை நோய் எளிதில் அழிக்கும். வீட்டு மாடுகளிடமிருந்து பரவும் வெக்கை நோய் 1968-இல் முதுமலைக் காட்டில் புகுந்தபோது காட்டு மாடுகள் பெருமளவில் மடிந்தன. 1940 முதல் சரணாலயமாக விளங்கிய காடு அது. நிறைந்த மந்தைகள் பல இருந்தால், ஒரு காட்டில் நேர்ந்த இழப்பை அடுத்த காட்டு மந்தை ஈடுசெய்யும். சின்னஞ்சிறு மந்தைகளாய் ஒதுங்கிய இனத்துக்கு அந்த வாய்ப்பில்லை. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், நமக்கு அண்டையிலுள்ள வட ஆற்காட்டுப் பகுதியில். 2011-இல் அது உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

பிற நாடுகளின் பாடம்

அமெரிக்கச் சமவெளியில் மூன்று கோடிக்குக் குறையாத பைசன்கள் திரிந்ததாக மதிப்பிடுவர். இருப்புப்பாதையும் தோல் வணிகமும் வந்தபின், 1870-களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் அவை கொன்று குவிக்கப்பட்டன. 1889-இல் ஹார்னடே என்ற அறிஞர் கணக்கெடுத்தபோது எஞ்சியவை ஆயிரத்துச் சொச்சமே. அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வ குடிகளும் உணவும் உடையும் இழந்து ஒடுங்கினர். ஐரோப்பாவின் காட்டு பைசனில் கடைசியானது 1927-இல் காக்கசஸ் மலையில் கொல்லப்பட்டது. விலங்குக் காட்சிச் சாலைகளில் எஞ்சியிருந்த ஐம்பது சொச்சத்தைக் கொண்டே அவ்வினத்தை மீட்டெடுத்தனர்.

கடல் கடந்த நம் அண்டை நாடான இலங்கைக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. கண்டி அரசில் சிறைப்பட்டிருந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ், 1681-இல் வெளியிட்ட நூலில் கௌவரா என்னும் விலங்கைப் பற்றி எழுதுகிறார். முதுகு மேடிட்டு, கால்கள் பாதியளவு வெளுத்த அவ்விலங்கில் ஒன்றே ஒன்றைத்தான் அவர் கண்டார். அதுவும் அரசனின் விலங்குகளோடு அடைபட்டிருந்தது. இன்று இலங்கைக் காடுகளில் அவ்வினம் இல்லை. நன்னனின் வாயிலில் நின்ற கன்றும் கண்டி அரசனின் கொட்டிலில் நின்ற விலங்கும் நம் நினைவில் ஒருங்கே வந்து நிற்கின்றன.

திரும்பி வரும்போது

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிலைமையை மாற்றியது. இன்று காட்டு மாடு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அதன் பயனும் தெரிகிறது. கொடைக்கானல் தெருக்களிலும், குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களிலும், ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களிலும் அவை பகலிலேயே உலவுகின்றன. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் முட்டப்பட்டுக் காயமுற்றோரும் உயிரிழந்தோரும் உண்டு. தோட்டத்தில் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு அந்த அச்சம் அன்றாடம் உள்ளது. அவளுடைய அச்சத்தைப் பொருட்படுத்தாமல் விலங்கைப் போற்றுவது நீதியாகாது. அதே வேளையில், கைப்பேசியில் படம் எடுப்பதற்காக அதனை நெருங்குவோரும் கல்லெறிந்து விரட்டுவோரும் பெருகிவருகின்றனர்.

எத்தனை அடி விலகி நிற்பது, கன்றோடு வரும் பசுவுக்கு எவ்வாறு வழிவிடுவது, தனித்த காளையை எந்த நேரத்தில் தவிர்ப்பது என்ற அறிவு தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வரவேண்டியது. விலங்கு இல்லாமற் போன இடத்தில் அந்த அறிவும் இல்லாமற் போயிற்று. காடு திரும்ப வளரலாம். மந்தை திரும்பப் பெருகலாம். உடன் வாழும் பழக்கத்தை மட்டும் நாம் முதலிலிருந்து கற்றாக வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து செங்கத்துக்குச் செல்லும் பேருந்தில் நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாள் வாய்த்தால், சாளரத்தின் வழியே அந்த மொட்டைக் குன்றுகளைச் சுட்டிக்காட்டி, இந்நாட்டில் ஆமா திரிந்தது என்று சொல்வோம். அது எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்பார்கள். நடந்ததை மறைக்காமல் சொல்வதே நாம் செய்யத்தக்க முதற் பணி.