விண்ணொளிக்கு ஓர் எடைக்கல்

அடுப்புச் சுடரிலே ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் நீலம் மறைந்து மஞ்சள் மலர்கிறது. எண்ணூர்க் கழியை ஒட்டி உப்பு விளைந்த மண்ணிலே, வள்ளூரிலும் அத்திப்பட்டிலும் வாழ்கிற நமக்கு உப்பும் புதிதன்று. அந்த மஞ்சளும் புதிதன்று. ஆயின், நல்லதொரு நிறமாலைக் கருவியின் வழியே அச்சுடரை நோக்கினால், வானவில் விரியக் காணோம். இருண்ட வெளியிலே இரண்டே இரண்டு மஞ்சள் கோடுகள், இணைபிரியா இரட்டையர் போல் அருகருகே நிற்கின்றன. அதே கருவியைக் கதிரவன் பக்கம் திருப்பினால் வானவில் விரிகிறது. அதன் மஞ்சள் பகுதியில், அதே இடத்தில், அதே இரு கோடுகள் கறுத்து நிற்கின்றன! நம் கழியோரத்து உப்பிலுள்ள சோடியம், பதினைந்து கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கதிரவனிலும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கதிரவன் ஒளியிலே கருங்கோடுகள் ஐந்நூற்றுக்கும் மேலானவற்றைக் கண்டு, 1814-ல் வரைபடமாக்கியவர் ஜெர்மானியரான பிரான்ஹோபர். கண்ணாடித் தொழிலாளியின் மகன், இளமையிலேயே தாய் தந்தையை இழந்தவர், பட்டறையில் பயின்றவர். முதன்மையான கோடுகளுக்கு அவர் எழுத்துகளைப் பெயராக இட்டார். சோடியத்தின் இரட்டைக் கோட்டுக்கு வாய்த்த பெயர் 'டி'. 1835-ல் பிரெஞ்சு அறிஞர் கோந்த், விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை என்பதை மாந்தர் ஒருநாளும் அறியமாட்டார் என்று எழுதினார். அவரும் வைதிகர் அல்லர். அறிவியலையே நெறியாகக் கொண்டவர்தாம். பகுத்தறிவாளரே ஆயினும் அறிவுக்கு வேலி போட்டால் வேலிதான் வீழும். கால் நூற்றாண்டு கழியுமுன், 1859-60 ஆண்டுகளில், கிர்க்காபும் புன்சனும் ஆய்வுக்கூடச் சுடரையும் கதிரவன் கோடுகளையும் ஒப்புநோக்கி, ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கோடுகள் உண்டு என்று நிலைநாட்டினர்.

ஒப்புநோக்கி என்று சொன்னோமே, அந்தச் சொல்லில்தான் அத்தனையும் அடங்கியிருக்கிறது. கோட்டைக் காண்பது எளிது. இது இன்ன கோடு என்று சொல்வதோ அரிது. கடைக்காரரின் தராசிலே ஒரு தட்டில் சரக்கு மட்டும் இருந்தால் அது எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? மற்றொரு தட்டில் முத்திரையிட்ட எடைக்கல் இருக்கவேண்டும். விண்ணிலிருந்து வரும் ஒளி சரக்கு. ஆய்வுக்கூடத்திலே அளந்தறிந்த விளக்கின் ஒளி எடைக்கல். கல் இல்லாது நிறுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு நம் தென்னாட்டு மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு.

1868 ஆகஸ்ட் 18. முழுக் கதிரவ மறைப்பின் நிழற்பாதை இந்தியாவின் குறுக்கே ஓடியது. பாம்பு விழுங்குகிறது என்று குளத்தில் மூழ்கியோர் ஒருபுறம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்த அந்த இருளை வீணாக்காமல் கருவியோடு காத்திருந்தோர் மறுபுறம்! பிரான்சு நாட்டு ஜான்சென் குண்டூரில் இருந்தார். ஆங்கிலேயப் படை அதிகாரி டென்னன்ட்டும் அங்கேயே இருந்தார். சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில். அவருடைய உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி கர்நூலுக்கு வடக்கே வனபர்த்தியில். கதிரவனின் விளிம்பில் கொழுந்துவிடும் செந்தழல்களை நிறமாலைக் கருவியால் நோக்கியோர் ஒளிக்கோடுகளைக் கண்டனர். தழல்கள் வளிமத்தால் ஆனவை என்பது அன்றே தெளிந்தது. சிவப்புக் கோடு ஐதரசன் என்பதிலும் ஐயமில்லை. மஞ்சள் கோடு ஒன்றும் இருந்தது. மஞ்சள் என்றால் சோடியம்தானே! சிலர் அதனை 'டி' என்றே குறித்துக்கொண்டனர். போக்சன் மட்டும் அப்படி அறுதியிட்டுச் சொல்லத் தயங்கினார். நிமிடங்கள் சிலவே கிடைத்த இருளில், எடைக்கல்லை அருகே வைத்து நிறுத்துப் பார்க்க யாருக்கு நேரம்? நாம் அவர்களைப் பழிக்கவில்லை. ஆனால் அறிவியல் அந்த இடத்தில் நின்றுவிட்டிருந்தால் ஒரு தனிமமே உப்பின் பெயரில் புதைந்துபோயிருக்கும்.

மறைப்பு இல்லாத நாளிலும் தழல்களின் கோடுகளைக் காணலாம் என்பதை மறுநாளே ஜான்சென் கண்டுகொண்டார். இங்கிலாந்திலே லாக்கியர், 1868 அக்டோபர் 20 அன்று, தம் வழியில் அதனையே கண்டார். நேரத்துக்குப் பஞ்சமில்லாத நிலையில் நிதானமாக அளந்தபோது உண்மை வெளிப்பட்டது. சோடியத்தின் கோடுகள் 5,896, 5,890 ஆங்ஸ்ட்ராம் அளவில் நிற்பவை. (ஒரு மீட்டரை ஆயிரம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ராம்.) கதிரவனின் மஞ்சள் கோடோ 5,876-ல் நின்றது. வேறுபாடு பதினான்கு கூறுதான்! அந்தப் பதினான்கு கூறுக்குள் ஒரு புதிய பொருள் ஒளிந்திருந்தது. அதற்கு 'டி3' என்று பெயரிட்டு, பின்னர்க் கதிரவனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்றனர். நம்பாதவர் பலர். நம்பாதது தவறுமன்று; மண்ணில் அதன் ஒப்புமை கிடைக்கவில்லையே! 1895-ல் இராம்சே, யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து வளிமம் ஒன்றைப் பிரித்தெடுத்தார், குரூக்ஸ் அதன் மஞ்சள் கோட்டை அளந்தார், பொருந்தியது. அப்போதும் ஐயம் தீரவில்லை. ஆய்வுக்கூடத்துக் கோடு ஒற்றைக் கோடன்று, மெல்லிய துணைக்கோடு ஒன்றும் உண்டு என்று ரூங்கே காட்டினார். அப்படியானால் கதிரவனின் கோடும் இரட்டையாக இருந்தாகவேண்டும்! ஹகின்ஸ், ஹேல் முதலியோர் மீண்டும் கதிரவனை நோக்கினர். இரட்டைதான். அதன் பிறகே வழக்கு முடிந்தது. இருபத்தேழு ஆண்டு வழக்கு!

"ஹீலியம் எங்கள் மண்ணில் கண்டுபிடிக்கப்பட்டது" என்று இன்று மேடையேறி மார்தட்டுவோரைக் காண்கிறோம். நிழல் விழுந்த இடம் குண்டூர் என்பதால் நமக்கு என்ன பெருமை? நிழல் கடலிலும்தான் விழுந்தது! பெருமை கொள்ளவேண்டுமானால் அந்த இரகுநாதாச்சாரியை எண்ணிக் கொள்வோம். சென்னை வானாய்வுக்கூடத்தில் நீண்ட நாள் பணியாற்றி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872-ல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். வைதிகக் குடியிலே பிறந்தும், பழைய வாய்பாட்டில் கணித்த பஞ்சாங்கம் வானத்தோடு பொருந்தவில்லை, கண்ணால் கண்டதற்கேற்பக் கணக்கைத் திருத்துங்கள் என்று வாதாடினார். 1874-ல் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்க, நாட்டு மொழிகளில் நூல் வெளிவரச் செய்தார். பஞ்சாங்கமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் குறை நமக்கு உண்டு. எனினும் ஏட்டைவிட வானமே எடைக்கல் என்று அவர் கொண்டது சிறு துணிவன்று.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த அந்த வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்தும் பொறிக்கப்பெற்று, வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. நம் வடசென்னை இளைஞர்கள் ஒரு நாள் பேருந்தேறிச் சென்று பார்த்துவரலாம். வானாய்வு வேலையோ 1899-ல் கொடைக்கானல் மலைக்கு இடம் மாறியது. ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரம்; தெளிந்த வானம். அங்கே 1907-ல் வந்து சேர்ந்தவர் எவர்ஷெட். 1909 சனவரி 5 அன்று கதிரவப் புள்ளியொன்றின் நிறமாலையைத் தகட்டில் பதித்தபோது, புள்ளியின் ஒரு பக்கம் கோடுகள் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் ஊதாவை நோக்கியும் சற்றே சாய்ந்திருக்கக் கண்டார். வளிமம் புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்பதன் அடையாளம் அது. பாயும் வேகம் வினாடிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6,300 ஆங்ஸ்ட்ராம் இடத்துக் கோடு நகர்வது வெறும் 0.042 ஆங்ஸ்ட்ராம்! கண் மதிப்பில் இதை எப்படிப் பிடிப்பது? தகட்டின் மேல் அதன் எதிர்ப்படியைத் திருப்பிவைத்து, கருமையும் வெண்மையும் ஒன்றையொன்று அணைக்கும் இடத்தைத் தேடி, நகர்வை இருமடங்காக்கி அளக்கும் முறையை அவரே வகுத்தார். பின்னாளில் இராய்ட்ஸுடன் சேர்ந்து, இரும்பு மின்வில்லின் கோடுகளைக் கதிரவனின் இரும்புக் கோடுகளோடு ஒப்பிட்டார். ஐன்ஸ்டீன் சொன்ன ஈர்ப்புச் சிவப்புப் பெயர்ச்சி உண்டா என்ற உலகப் பெருவழக்கிலே கொடைக்கானல் அளவுகளும் சாட்சியாக வந்தன. அவருடைய துணைவியார் மேரி எவர்ஷெட் வெறும் துணையாக இருந்துவிடவில்லை. கதிரவத் தழல்கள் பற்றி 1917-ல் வெளிவந்த ஆய்வேட்டில் இருவர் பெயரும் உண்டு.

1960-ல் கொடைக்கானலின் பொறுப்பை ஏற்றவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையிலே பிறந்தவர். வில்சனோடு சேர்ந்து 1957-ல் அவர் வெளியிட்ட விதியின்படி, சில விண்மீன்களின் கால்சியக் கோட்டில் தோன்றும் ஒளிர்வின் அகலத்தை அளந்தாலே அந்த விண்மீனின் உண்மை ஒளித்திறம் தெரிந்துவிடும். அதற்கும் எடைக்கல் வேண்டியிருந்தது. கதிரவனும், ரோகிணி மீன் நிற்கும் திசையிலுள்ள ஹையாடிஸ் கூட்டமும் அவர்களுக்கு அந்தக் கல். பாப்புதான் சவ்வாது மலையிலே காவலூரைத் தேர்ந்து, 1968-ல் அங்கே நோக்குப் பணியைத் தொடங்கிவைத்தவர். அவர் 1982-ல் மறைந்தார். அவர் கனவு கண்ட 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி, இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்டு, 1986 சனவரியில் அவர் பெயரையே தாங்கியது.

காவலூரில் இன்று தகடு இல்லை. மின்னணுச் சில்லு இருக்கிறது. விண்மீனின் ஒளி சில்லில் விழுந்து எண்களாகிறது. எண் என்றவுடன் உண்மை என்று எண்ணிவிடுவோர் நம்மிடையே மிகுதி! அந்த எண்களை ஆய்வாளர் என்னென்ன பாடுபடுத்துகிறார் என்று பாருங்கள். எண்ணூர்த் துறைமுகத்து எடைமேடையில் லாரியை வெறுமையாக ஒரு முறையும் பாரத்தோடு ஒரு முறையும் நிறுத்துக் கழிக்கிறார்களே, அதுபோல, ஒளியே படாத நிலையில் சில்லு காட்டும் வெற்று எண்ணைப் பதிந்து முதலில் கழித்துவிடுகிறார். சில்லின் நுண்கட்டங்கள் எல்லாம் ஒரே கூர்மை உடையவை அல்ல. எனவே சீரான வெள்ளொளியைக் காட்டி, எது மந்தம், எது முந்தல் என்றறிந்து வகுத்துச் சமனாக்குகிறார். விண்வெளியிலிருந்து பாயும் துகள் மோதிய இடத்தில் பொய்ப்பொட்டு பளிச்சிடும், அதைக் களைகிறார். பிறகுதான் விளக்கு. தோரியம்-ஆர்கான் விளக்கின் ஒளியை அதே கருவியில் செலுத்தினால் நூற்றுக்கணக்கான கோடுகள் விழும். ஒவ்வொன்றின் அலைநீளமும் ஆய்வுக்கூடத்தில் அளந்து அட்டவணையிட்டது. இத்தனையாவது கட்டம் என்றால் இத்தனை ஆங்ஸ்ட்ராம் என்ற வாய்பாடு அதிலிருந்து பிறக்கிறது. ஏதேனும் ஒரு கோடு வாய்பாட்டுக்கு விலகி நின்றால், தவறாக இனங்கண்டோமோ என்று மறுபடி பார்க்கவேண்டும். வாய்பாட்டுக்கு ஏற்ப வானத்தை வளைக்கும் வித்தை இங்கே செல்லாது.

நிறமாலையில் நம் ஊரும் குறுக்கிடுகிறது! துறைமுகத்திலும் நெடுஞ்சாலையிலும் நெடுநாள் மஞ்சள் பொழிந்த சோடிய விளக்குகளின் ஒளி வானில் சிதறி, விண்மீனின் சோடியக் கோட்டுக்கு அருகிலேயே வந்து அமர்ந்துகொள்ளும். அதனால் விண்மீனை அடுத்துள்ள வெற்று வானத்தின் ஒளியையும் பதிந்து கழிக்கவேண்டும். காவலூரார் மலைக்காட்டைத் தேடிப்போனதன் பொருள் இப்போது விளங்கும். அனல்மின் நிலையத்தின் ஒளியிலும் புகையிலும் வாழும் வள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கிட்டாத இருள் அது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளை அங்கே இரவெல்லாம் விழித்திருந்து விண்மீனை நிறுக்கவேண்டும் என்பது நம் ஆசை. அதற்குத் தேவை கணக்கும் பொறுமையும். குலமும் கோத்திரமும் எந்தக் கருவியிலும் பதிவதில்லை.

இன்னொரு கழித்தலும் உண்டு. கதிரவனைச் சுற்றி நம் நிலவுலகம் வினாடிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதனால் மட்டுமே சோடியக் கோடு அரை ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் நகரும். இதைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும்? பல விண்மீன்கள் ஆறு திங்கள் நம்மை நெருங்கி, ஆறு திங்கள் விலகி, ஆண்டுதோறும் ஊஞ்சலாடுவதாகத் தோன்றும்! நாம் நிலைத்து நிற்கிறோம், உலகம்தான் ஆடுகிறது என்று எண்ணுவோருக்கு விண்மீன் வைக்கும் தேர்வு இது.

கொடைக்கானலில் 1904 முதல் நூறாண்டுக்கு மேலாகக் கால்சிய ஒளியில் எடுத்த கதிரவப் படத்தகடுகள் இப்போது கணிப்பொறிக்குள் ஏற்றப்பட்டுள்ளன. கதிரவனின் நூற்றாண்டு நாட்குறிப்பு என்றே சொல்லலாம். ஆனால் தொடக்க காலத் தகடுகள் பலவற்றில், இவ்வளவு கருமைக்கு இவ்வளவு ஒளி என்று காட்டும் அளவுப்படிகள் பதியப்படவில்லை. எடைக்கல் வைக்காமல் போன தராசுகள்! இன்றைய ஆய்வாளர்கள் தகட்டைத் தூக்கி எறியவில்லை. கதிரவன் முகத்தில் கொந்தளிப்பு இல்லாத அமைதியான பகுதியின் ஒளி நடுவிலிருந்து விளிம்புக்கு எப்படிக் குறைகிறது என்பது அளந்தறிந்த ஒன்று. அந்த அமைதிப் பகுதியையே எடைக்கல்லாக வைத்து, நூறாண்டுக்கு முந்தைய தகடுகளை ஒவ்வொன்றாக நிறுத்துவருகிறார்கள்.