மறுமதிப்பீடும் தண்டமும்: ஏலமலைச் சரிவை முன்வைத்து

பொட்டிபுரம், போடிநாயக்கனூர் வட்டாரத்தின் ஏலக்காய் வணிகத்தை வரி வரலாற்றின் கண்கொண்டு நோக்கினால், ஒரே காய் இருவேறு வரிகளின் எல்லையைக் கடந்து வருவது புலப்படும். வேளாண் வருமானத்துக்கு 1886ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் விலக்களித்தது. அதன்மீது வரி விதிக்கும் உரிமையை 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்கு வழங்கியது. விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றதாக்க உழவர் வழக்கமாகச் செய்யும் பணியும் வேளாண்மையில் அடங்கும் என்பது 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கம். எனவே, ஸ்டோரில் காயை உலர்த்துவது தோட்டத்தின் பாற்பட்டதே. பிறரிடம் காய் வாங்கி விற்ற இலாபமோ மைய அரசின் வரிக்குரியது. தேயிலைக்கு 40 விழுக்காடு என்று விதியே பிரித்துத் தந்தது. ஏலத்துக்கு அத்தகைய விதி இல்லை. தோட்டக்காரரே வணிகருமாயின் எல்லைக்கோடு அவரது கணக்கேட்டில்தான் இருக்கும்.

அக்கோட்டை அதிகாரி பின்னாளில் நகர்த்துவதே மறுமதிப்பீடு. அதற்கு 1939இல் ‘திட்டவட்டமான தகவல்’ வேண்டியிருந்தது; 1948இல் ‘நம்புவதற்குக் காரணம்’ போதுமென்றாயிற்று. கல்கத்தா டிஸ்கவுண்ட் வழக்கில் (1961) உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரம்பிட்டது: அடிப்படை உண்மைகளை வெளிப்படுத்துவதே வரிசெலுத்துவோர் கடமை, அவற்றிலிருந்து முடிவு காண்பது அதிகாரியின் பொறுப்பு.

தண்டத்தின் கதை இதனினும் கடுமையானது. விளக்கம் பொய்யெனக் கண்டதாலேயே மறைப்பு மெய்ப்பிக்கப்பட்டதாகாது, மெய்ப்பிக்கும் சுமை துறையுடையது என்று அன்வர் அலி வழக்கு (1970) உரைத்தது. ஆனால் அது பழைய சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு. புதிய சட்டத்திலோ 1964இலேயே சுமை இடம் மாறிவிட்டது: காட்டிய வருமானம் மதிப்பிட்டதில் 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால், மோசடியோ பெரும் கவனக்குறைவோ இல்லையென வரிசெலுத்துவோரே நிறுவவேண்டும். வணிகத்தில் 70 ரூபாய் காட்டியவருக்குத் தோட்டக் கணக்கிலிருந்து 30 ரூபாயை மாற்றிச் சேர்த்தால் போதும். எதையும் ஒளிக்காதவரும் ஐயத்துக்குரியவராவார். நீதிமன்றம் காத்த பாதுகாப்பு, தீர்ப்பு வந்த நாளிலேயே பழங்கதையாகியிருந்தது என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கருதுவதில்லை.

மேலும் 1968இல் தண்டத்தின் அளவுகோல் ஏய்த்த வரி என்பதிலிருந்து மறைத்த வருமானம் என்றாயிற்று. வருமானம் முழுவதற்கும் ஈடான தொகையே குறைந்தபட்சத் தண்டம். 1976இல் அளவுகோல் மீண்டும் வரிக்குத் திரும்பியது, 80 விழுக்காட்டுச் சோதனையும் நீங்கியது. ஆயினும் விளக்கத்தை நிலைநாட்டும் சுமை வரிசெலுத்துவோரிடமே தங்கிவிட்டது.