மூன்று குவியலும் ஒரு சம்பளக் கணக்கும்



அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் டொரிக் மாளிகையைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1804இல் கட்டி முடித்தது அது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவே கட்டினார். கட்டடத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்தக் கடலில் மூச்சடக்கி இறங்கியவனுக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை இன்று பார்ப்போம்.

நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் வள்ளங்கள் புறப்படும். விடிந்ததும் குளிப்புத் தொடங்கும். நண்பகலளவில் வெடிச்சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும். ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார், இன்னொருவர் மேலே கயிறு பிடிப்பார். ஒரு மூச்சு ஏறத்தாழ ஒரு நிமிடம். நாளுக்கு 40, 50 தடவை இறங்குவார்கள். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் எனப் பல ஊரவரும் அரபிகளும் அதில் இருந்தார்கள்.

நேரத்தை அரசாங்கம் வெடிபோட்டு அளந்தது. ஆனால் கூலி நேரத்துக்கு அல்ல. கரைக்கு வந்த சிப்பியை ‘கொட்டு’ என்ற அடைப்புக்குள் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று வள்ளத்தாருக்கு. உதாரணமாக, 15,000 சிப்பி வந்தால் 10,000 அரசுக்குப் போகும். மிச்சம் 5,000இல்தான் குளித்தவர், கயிறு பிடித்தவர், தண்டல், வள்ளச் சொந்தக்காரர் எல்லோரும் பங்கு காண வேண்டும். கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாளில் பங்கும் இல்லை, கூலியும் இல்லை.

1905இல் மறிச்சுக்கட்டியில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. அடுத்த வருடமே கடலை 20 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்குக் கொடுத்தார்கள். 1907இன் பின் சிப்பி இல்லாமல் போனது. குளிப்பும் நின்றது.

அந்த முறையில் அநியாயம் இருந்தது. மூச்சைப் பணயம் வைத்தவருக்கு மூன்றில் ஒன்றுதான். ஆனாலும் ஒரு நல்ல விடயமும் இருந்தது. குவியலைப் பிரிப்பவர் தொழிலாளி, எதை எடுப்பது என்று சொல்பவர் அதிகாரி. ஆகவே பிரித்தவர் மூன்றையும் சமமாகவே பிரிப்பார். கணக்கு இருவர் கண்முன்னும் நடந்தது.

இன்று நம் பிள்ளைகள் கடைகளில் நிற்கிறார்கள். காலை 9க்குப் போனால் இரவாகித்தான் வீடு. எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால் தெரியாது. முதலாளி மாதக் கடைசியில் கொடுப்பதே கணக்கு.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்கிறது. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு. கணக்கு இதுதான்: மாதச் சம்பளத்தை 240ஆல் வகுங்கள். 48,000 ரூபா என்றால் மணித்தியாலத்துக்கு 200. ஓவர்டைம் 300. மாதத்தில் 10 மணித்தியாலம் கூடுதலாக நின்றால் 3,000. மொத்தச் சம்பளம் 51,000. இதிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழியும். அது ஓவர்டைமுக்கு இல்லை, 48,000க்கு மட்டும். அதாவது 3,840. கையில் வர வேண்டியது 47,160. முதலாளி தன் பங்காக 12 வீதம் தனியாகக் கட்ட வேண்டும். அதைப் பிள்ளையின் சம்பளத்தில் வெட்ட முடியாது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையிடம் ஒரு சின்னக் கொப்பி கொடுங்கள். வந்த நேரம், போன நேரம், சாப்பிடப் போன நேரம். மூன்று வரி போதும். தகராறு வந்தால் தொழில் திணைக்களத்தில் காட்ட அது உதவும். கடை வைத்திருக்கும் சகோதரர்களே, அந்தக் கொப்பியில் நீங்களும் வாரம் ஒருமுறை கையொப்பமிடுங்கள். வியர்வை காயுமுன் கூலி கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதை முதலில் இருவரும் ஒன்றாக எண்ணிப் பார்க்க வேண்டாமா?