காலையில் ஊன்ற முடியாத குதிக்கால்

கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி ஏறியதுபோல் குத்தும். கொஞ்சம் நடந்தால் குறையும். நெடுநேரம் இருந்துவிட்டு எழும்பினால் திரும்பவும் வரும். போரில் ஒரு காலை இழந்து, மற்றக் காலில் முழுப் பாரத்தையும் தாங்குபவர்களிடம் இந்த முறைப்பாட்டை அடிக்கடி கேட்டிருக்கிறேன். உள்ளே கிடக்கும் ஷெல் துண்டு அசைகிறது என்று பயப்படுபவர்களும் உண்டு.

பெரும்பாலும் இது 'பிளாண்டர் பேசியைடிஸ்'. குதிக்கால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த சவ்வு, எலும்போடு ஒட்டும் இடத்தில் பாரத்தால் நைந்துபோவது. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளுக்குப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்கும்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் சொல்லிச் சிலர் 'கைரோபிராக்டிக்' பற்றிக் கேட்கிறார்கள். 1895இல் அமெரிக்காவில் தொடங்கிய, முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சீராக்கும் முறை அது. கணுக்கால், பாத மூட்டுகளின் இறுக்கத்தைத் தளர்த்துவது பயிற்சியோடு சேர்ந்தால் சிலருக்கு உதவும். அதை இயன்மருத்துவரும் செய்வார். ஆனால் கழுத்திலோ முதுகிலோ துண்டு கிடப்பவர்கள், வைத்தியரிடம் எக்ஸ்ரேயைக் காட்டாமல் யாரிடமும் முள்ளந்தண்டைக் கொடுக்காதீர்கள்.

செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. கட்டிலால் இறங்க முன் கால்விரல்களைக் கையால் கணைக்காலை நோக்கி இழுத்து, 10 எண்ணும்வரை பிடியுங்கள். 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள். பொய்க்காலின் உயரம் சரிதானா என்றும் பார்ப்பியுங்கள். குணமாக மாதங்கள் செல்லும்.

பாதம் விறைத்தால், வீங்கினால், பழைய காயத்தால் சீழ் வந்தால் இந்தப் பயிற்சியோடு நிற்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.