செம்பில் வெட்டிய கையெழுத்து



1995ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் எங்கள் வீட்டில் மிஞ்சிய பழைய தாள்களுள் ஒன்று, கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த என் பாட்டனார் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதப் பிரதி. அதன் மை மங்கிக்கொண்டு போகிறது. "ஐயாவின்ர எழுத்து அழியமுன்னம், அதே மாதிரி ஒருக்கா எழுதித் தா, தம்பி" என்றார் அம்மா. தமிழ் படிப்பிக்கிற நான், நாற்பது வயதுக்குப் பிறகு 'கொப்பர்பிளேற்' எழுத்துக்கு மாணாக்கனானது இப்படித்தான்.

செப்பேடு என்றதும் மன்னர் அளித்த தான சாசனங்களே நமக்கு நினைவுக்கு வரும். இது வேறு வகை. பேனையின் வளைவுகளை அச்சுக்கோப்பு எழுத்துக்களால் காட்ட முடியாது. ஆகவே 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் இலண்டன் எழுத்தாசான்களின் மாதிரிகளைச் செதுக்குவோர் கூருளியால் செப்புத்தகட்டில் இடம்வலம் மாற்றி வெட்டினர். வெட்டுக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினர். அச்சிட்ட முறையின் பெயரே நாளடைவில் எழுத்துக்கும் ஆயிற்று. ஜோர்ஜ் பிக்கம் என்ற செதுக்குநர் 25 ஆசான்களின் எழுத்துக்களைத் திரட்டி, 'யுனிவேர்சல் பென்மன்' என்ற பெயரில் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். கப்பலும் கணக்குமாய் வளர்ந்த வணிகத்துக்குத் தெளிவாகவும் விரைவாகவும் எழுதும் கைகள் தேவைப்பட்ட காலம் அது.

என் கை அந்த வகையைச் சேர்ந்ததன்று. கீழிறங்கும் கோட்டில் அழுத்தினால் முனை பிளந்து கோடு தடிக்க வேண்டும். மேலேறும்போது மயிரிழையாக மெலிய வேண்டும். எனக்கோ முனை தாளில் குத்தி மை தெறித்தது. எழுத்தாணியால் ஒரே தடிப்பில் ஓலை கீறிய பரம்பரை என்று பழியை முன்னோர்மீது போடப் பார்த்தேன். ஆனால் நான் எழுதிப் பழகியது குமிழ்முனைப் பேனையால்!

மாதிரிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அந்த மயிரிழைகள் பேனையின் வேலையல்ல, உளியின் வேலை. செதுக்குபவர் ஒரு கோட்டைப் பொறுமையாக நின்று திருத்தலாம். இறகுப் பேனை பிடித்த சிறுவனுக்கு அந்த வசதியில்லை. உளி வெட்டியதைப் பேனையால் எழுதச் சொல்லி எத்தனை பிள்ளைகளை அடித்தார்களோ! பிறகு பேர்மிங்காம் தொழிலகங்களில் உருக்கு முனைகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. 1831இல் ஜோசப் கிலட் தமது முனைக்குக் காப்புரிமை பெற்றார். வளைந்துகொடுக்கும் அக்கூர்முனைகளாலேதான் பேனை உளியை நெருங்க முடிந்தது.

பாட்டனாரின் தாளையும் அதே கண்ணாடியில் பார்த்தேன். சில சொற்களுக்கு ஒருமுறை மை கறுத்து, பின் மெல்ல வெளிறுகிறது. அவர் மைக்கூட்டில் பேனையைத் தோய்த்த இடங்களை எண்ணலாம். 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று பொருள்படும் முடிவுவரியில் மட்டும் எழுத்துக்கள் அவசரமாகச் சாய்கின்றன. எத்தனை ஆயிரம் முறை எழுதிய வரியோ!

ஆறு மாதத்தில் கடிதம் முழுவதையும் ஒருவாறு எழுதிவிட்டேன். கையொப்பமிருந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுத்தான் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் முதலில் விரல் வைத்துப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.