அஞ்சு நாள் பாட்டில், மூணு நாள் பாட்டில்

கோவளம் கடற்கரைக்கு 2021-ல நீலக்கொடிச் சான்றிதழ் கிடைச்சது. அதுக்குச் சற்று வடக்கே, பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்துக்கிற முட்டுக்காடு காயல் கடலைத் தொடுது. அந்தக் காயல் தண்ணி எவ்வளவு கெட்டிருக்குன்னு யாராவது ஒரு எண்ணைச் சொன்னா, நான் கேட்கிற முதல் கேள்வி: எப்படி அளந்தீங்க?

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. 1888-ல ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர், தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை அளக்க ஒரு வழி சொன்னார். மாங்கனீஸ் உப்பையும் காரத்தையும் பாட்டில்ல விட்டா, ஆக்சிஜன் பழுப்பு நிற வீழ்படிவாக மாட்டிக்கும். இதைக் கரையிலேயே செஞ்சாகணும். ஆய்வகத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள அளவு மாறிடும்.

அடுத்து பிரிட்டன். 1898-ல அமைச்ச கழிவுநீர் ஆணையம், 1912-ல தன் எட்டாவது அறிக்கையில ஒரு சோதனையை நிலைநிறுத்தியது. தண்ணியைப் பாட்டில்ல மூடி, 65 டிகிரி ஃபாரன்ஹீட்ல அஞ்சு நாள் வைங்க. நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னுதுன்னு பாருங்க. அதிகம் தின்னா, அழுக்கு அதிகம். இதுதான் பி.ஓ.டி. அந்த ஊர் ஆறுகள் கடலுக்குப் போய்ச் சேர அஞ்சு நாளுக்கு மேல ஆகாது, அதனாலதான் அஞ்சு நாள்னு ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு.

65 டிகிரின்னா நம்ம கணக்குல சுமார் 18 செல்சியஸ். செங்கல்பட்டுப் பக்கம் எந்தக் குளம் அவ்வளவு சில்லுன்னு இருக்கு? வெப்பம் கூடினா நுண்ணுயிரும் வேகமாத் தின்னும். அதனால 1993-ல வந்த இந்தியத் தர ஆவணம் 27 டிகிரியில மூணு நாள்னு வகுத்தது. ஊருக்கு ஏத்த கடிகாரம்!

மூணு நாள் காத்திருக்க முடியாதவங்களுக்கு சி.ஓ.டி. இருக்கு. டைகுரோமேட்டும் அமிலமும் சேர்த்து ரெண்டு மணி நேரம் கொதிக்க வெச்சா போதும். முட்டுக்காட்டுல சிக்கலே இங்கதான். கடல்நீர்ல லிட்டருக்கு சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கு. டைகுரோமேட் அழுக்கோட சேர்த்து அதையும் ஆக்சிஜனேற்றும். அளவு பொய்யா ஏறும். குளோரைடைக் கட்டிப்போட பாதரச சல்ஃபேட் சேர்ப்பாங்க, ஆனா இவ்வளவு உப்புக்கு அதுவும் திணறும். மாசை அளக்கவே பாதரசம் வேணும்கிறது தனி வேடிக்கை. மழைக்காலத்துல காயல்ல நன்னீர் பெருகும், கோடையில உப்பு ஏறும். ஒரே இடம், ஒரே முறை, ஆனா ரெண்டு பருவத்து எண்களை அப்படியே ஒப்பிட முடியாது.

இதெல்லாம் வெறும் ஆய்வகச் சண்டை இல்ல. 1974-ம் வருஷ நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, ஆலைக் கழிவுநீர் மாதிரியை எப்படி எடுக்கணும், பிரிக்கணும், சீல் வைக்கணும், யார் கையெழுத்துப் போடணும்னு சொல்லுது. அந்த நடைமுறை தவறினா, ஆய்வு முடிவு நீதிமன்றத்துல சாட்சியமா நிக்காது. எண் தப்பா ஏறினா நிரபராதி மாட்டுவார். முறை தப்பினா குற்றவாளி தப்பிப்பார். ரெண்டுலயும் நஷ்டம் காயல்ல வலை போடுறவங்களுக்குத்தான்.

அடுத்த முறை செய்தியில ஒரு மாசு அளவு வந்தா, நாலு விஷயம் கூடவே இருக்கான்னு பாருங்க: எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு உப்பு, எந்த முறை.