மஞ்சளாகிப்போன மிஷின்

ஆவடிக்காரர்கள் ஊர்ப் பெருமை பேசினால் 1955-ல் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டைச் சொல்வார்கள். இல்லாவிட்டால் 1965-ல் எச்.வி.எஃப். என்கிற கனரக வாகனத் தொழிற்சாலை கட்டி வெளியே விட்ட விஜயந்தா டாங்கியைச் சொல்வார்கள். 1961-ல் வந்த படை உடைத் தொழிற்சாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. நாங்கள் அதை ஓ.சி.எஃப். என்போம். ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற இடம். என் அப்பா அங்கே டெய்லர். அவரைப் போன்றவர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து வீட்டுத் திண்ணையிலும் மிஷின் போட்டார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி கார்மெண்ட்ஸ் கம்பெனிகள் பெருகியபோது அந்த வீடுகளின் பெண்கள் அங்கே ஜூகி தையல் மிஷினில் உட்காரப் போனார்கள். இந்தப் பக்கத்தின் சரித்திரத்தில் பாதியை ஊசிதான் எழுதியது என்பது என் கட்சி.

திண்ணையில் இருந்த மிஷின் கறுப்பு. அந்தக் கறுப்பு சாதாரண பெயிண்ட் இல்லை. நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்து இரும்பின் மேல் பூசி, அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்த பூச்சு. அதன் மேல் பொன்னிறப் பூப் படங்களை ஒட்டி, அவற்றைக் காக்க அரக்கு வார்னிஷ் அடிப்பார்கள். பழைய சிங்கர் மிஷினில் எகிப்து ஸ்பிங்க்ஸ் உருவம்கூட உண்டு. 1930-களில் கல்கத்தாவில் பிஷன் தாஸ் பேசில் தொடங்கிய உஷா மிஷினும் இதே கறுப்பு, பொன் சாயலில்தான் நம் வீடுகளுக்கு வந்தது. அவர் தன் மகளின் பெயரையே அதற்கு வைத்தார் என்பார்கள். "ஸ்பிரிட்டைக் கிட்ட கொண்டுவராதம்மா, பூ எல்லாம் போயிடும்" என்று அப்பா அதட்டுவார். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அவர் சொன்னது சரி. மிஷின் ஆயிலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும், பளபளக்கும்.

கை உரசி உரசி அந்தப் பூ தேய்ந்துபோன மிஷினை யாரும் கேவலமாகப் பார்த்ததில்லை. "நல்லா ஓடின மிஷின்" என்று சொல்லி விலை பேசுவார்கள். இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்திகூட, 1924-ல் அதைப் பற்றிக் கேட்டபோது, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் இலவசமாகக் கொடுப்பதும் தையல் மிஷின்தான். ஒரு பெண் தன் காலில் நிற்க இதுவே போதும் என்ற நம்பிக்கை அவ்வளவு பழையது.

வெள்ளைப் பிளாஸ்டிக் மிஷின் வந்ததும் இந்த மரியாதை மாறியது. உஷா ஜானோமி போன்றவை ஜிக்ஜாக் போடும். ஃபால்ஸ் அடித்து, பீக்கோ போட்டு, காஜாவும் எடுக்கலாம். கரண்டில் ஓடும், தூக்கிக்கொண்டும் போகலாம். ஆனால் சில வருஷத்தில் மூடி மஞ்சளடிக்கும். உள்ளே இருக்கிற இரும்பு நன்றாக இருக்கும். பாபின், ஷட்டில் எல்லாம் சரியாக ஓடும். இருந்தாலும் வாசலில் வந்த வாடிக்கையாளர் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, பட்டு பிளவுஸைக் கொடுக்கத் தயங்குவார். பழைய சாமான் கடைக்காரர் எடைக்குக் கேட்பார். இது எனக்கு ஆறாத கோபம். இரும்பில் தேய்மானம் உழைப்பின் அடையாளம் என்றால், பிளாஸ்டிக்கில் நிறம் மாறுவது மட்டும் எப்படி அழுக்காகும்?

அது வெறும் அழுக்கும் இல்லை. இந்த மூடிகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அதில் ரப்பர் போன்ற பியூட்டாடையீன் கலந்திருக்கிறது. வெயிலும் சூடும் பட்டு அது காற்றின் ஆக்சிஜனோடு சேரும்போது மேல்தோல் மஞ்சளாகும். பல்பு இருக்கும் பக்கமும் ஜன்னலைப் பார்த்த பக்கமும்தான் முதலில் நிறம் மாறும், பார்த்தாலே தெரியும்.

பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள் 2008 வாக்கில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும். அதை நம் மிஷினுக்கும் செய்யலாம். பிளக்கைப் பிடுங்கி, மூடிகளைக் கழற்றி, ஸ்க்ரூக்களை எந்தப் பக்கத்தவை என்று தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். மேலே படிந்த பழைய ஆயில் கறை அங்கேயே போய்விடும். தின்னரும் அசிட்டோனும் கூடாது, பிளாஸ்டிக் கரைந்துவிடும். மிச்ச மஞ்சளுக்கு, பியூட்டி பார்லரில் முடிக்குப் போடும் 40 வால்யூம் டெவலப்பர் கிரீம் வேண்டும். அதில் 12 சதவீதம் பெராக்சைடு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகத் தடவி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வையுங்கள். அடிக்கடி திருப்பி வைக்க வேண்டும். காய விட்டால் வரி வரியாக விழும், அதைச் சரிசெய்வது கஷ்டம். கத்திரி வெயில் வேண்டாம், மூடி வளைந்துவிடும். தை, மாசி காலை வெயில் நல்லது. தையல் படமும் எண்களும் அச்சிட்ட இடத்தில் கிரீம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூரில் பவுடர் கோட்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. காலால் மிதிக்கும் இரும்பு ஸ்டாண்டை அங்கே கொடுத்தால் புதிது போலாகும். பிளாஸ்டிக்கைக் கொடுக்க முடியாது. பூச்சைச் சுடுகிற அடுப்பின் சூடு 180 டிகிரிக்கு மேல், ஏ.பி.எஸ். 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. நூல் உரசுகிற இடத்தில் அது உரிந்து துணியில் ஒட்டும், எனக்குப் பிடிக்கவில்லை.

வெளுத்த மூடி மறுபடி மஞ்சளாகலாம். அதனால் மிஷினை ஜன்னலோரத்திலிருந்து தள்ளி வைத்து, வேலை முடிந்ததும் கெட்டிக் காட்டன் உறை போடுகிறேன். உள்ளே இருந்த சூடான பல்பையும் எடுத்துவிட்டு, அதே ஹோல்டரில் பொருந்துகிற எல்.இ.டி. பல்பு மாட்டியிருக்கிறேன். கறுப்புத் துணி தைக்கும்போது வெளிச்சமும் நன்றாக இருக்கிறது.